ஒரே ஒரு கதையோடு நின்றுவிட்டது. சரக்கு அவ்வளவுதானா?

தகடூரான்34 எழுதியது:

வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தர்மபுரியில் ஒரு புளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு சிறுகதை எழுதினேன், ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. என் ஆயாவைப் பற்றிய கதை. எங்கள் பக்கம் தை பிறந்தால் சித்திரை வரைக்கும் புளி சீசன், வாசலுக்கு வாசல் பெண்கள் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் இழுத்து, கொட்டை எடுத்துக் கொடுப்பார்கள். ஆயாவும் அந்த வேலைதான். வேலை நேரத்தில் ஒரு வார்த்தை பேசமாட்டாள். கட்டைவிரல் நகத்துக்கு அடியில் புளிக்கறை ஏறிக் கறுத்துப்போயிருக்கும், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் போகாது. அந்த விரலைப் பற்றித்தான் கதை. ஒரே ராத்திரியில், லாரி வாடகை ரசீதுகளின் பின்பக்கத்தில் எழுதினது. எப்படி எழுதினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அதற்கப்புறம்தான் வினை. கதை வந்ததும் சொந்தக்காரர்கள் வாட்சாப்பில் அனுப்பிக்கொண்டார்கள், மண்டி முதலாளி சால்வை போட்டார், எழுதுகிற நண்பர் ஒருவர் “அடுத்தது இதைவிடப் பெரிசா வரணும்” என்றார். அன்றோடு 14 மாதம். ஒரு கதை இல்லை. தவணையில் லேப்டாப் வாங்கினேன், ஆன்லைனில் கதை எழுதுவது எப்படி என்று 1500 ரூபாய்க்கு வகுப்பு எடுத்தேன், நல்ல தாள் போட்ட நோட்டு மூன்று வாங்கினேன், மூன்றும் அப்படியே இருக்கின்றன. ராத்திரி பத்து மணிக்கு உட்காருவேன். “அன்றைக்கு மழை வரும்போல இருந்தது” என்று அடிப்பேன். அழிப்பேன். “மழை வரும்போல இருந்தது அன்றைக்கு” என்று அடிப்பேன். அதையும் அழிப்பேன். பதினொன்றரைக்கு மூடி வைத்துவிட்டுப் படுப்பேன். தர்மபுரியில் மழை வருவதே அபூர்வம், அது கதையிலுமா வரமாட்டேன் என்று அடம்பிடிக்க வேண்டும்.

மண்டியில் சொன்னால் சிரிப்பார்கள். மனைவி ஒருநாள், “எழுதலைன்னா என்ன இப்போ, யாராவது அடிக்கிறாங்களா?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை, ஆனால் எழுதாமல் இருக்கும்போது எதையோ வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரியே இருக்கிறது. என் கேள்வி இதுதான்: சிலருக்கு ஒரே ஒரு கதைதான் உள்ளே இருக்குமா? இல்லை, இது ஏதோ அடைப்பு என்றால் அதை எப்படி எடுப்பது?

-----

ராயக்கோட்டை_ரயில் எழுதியது:

தலைவா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ‘பிளாக்’ எல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்களின் வியாதி. உங்கள் மண்டியில் மூட்டை தூக்குகிறவருக்கு என்றைக்காவது மூட்டை தூக்கும் பிளாக் வந்திருக்கிறதா? தினமும் 500 வார்த்தை எழுதுங்கள், நன்றாக இருக்கிறதா இல்லையா என்று பார்க்காதீர்கள். ஒரு மாதத்தில் சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் விட்டுவிடுங்கள், உலகம் ஒன்றும் நின்றுவிடாது.

-----

தகடூரான்34 எழுதியது:

அதையும் செய்து பார்த்தேன். 19 நாள் ஓடியது. 19 நாளும் ‘எனக்கு எழுத வரவில்லை’ என்பதைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் எழுதியிருக்கிறேன். ஒரு நாள் முழுக்க லேப்டாப்பின் மின்விசிறிச் சத்தத்தைப் பற்றி.

-----

கணக்குவாத்தியார்_பாலக்கோடு எழுதியது:

தம்பி, பாலக்கோட்டில் 31 வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். கதையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மாட்டிக்கொண்டு நிற்பது என்றால் என்ன என்று தெரியும், பத்தாம் வகுப்பு ‘சி’ பிரிவுக்கு வடிவியல் எடுத்தவன்.

கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள் கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஆன்றி புவான்காரே என்ற பிரெஞ்சுக்காரருடையது. பெரிய கணிதமேதை. தன் மண்டைக்குள் கண்டுபிடிப்பு எப்படி நடந்தது என்று அவரே 1908-ல் சொல்லிவைத்திருக்கிறார், அதனால் இது யாரோ கட்டிவிட்ட கதை இல்லை. ஒருவகைச் சார்புகள் இருக்கவே முடியாது என்று நிரூபிக்கப் பார்க்கிறார். 15 நாள், தினமும் மேசையில் ஒரு மணி இரண்டு மணி நேரம், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ராத்திரி வழக்கத்துக்கு மாறாகக் கடுங்காப்பியைக் குடித்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடக்கிறார், உள்ளே எண்ணங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன, விடிந்து பார்த்தால் இருக்க முடியாது என்று நினைத்தது இருக்கிறது என்று ஆகிவிட்டது. நினைத்ததற்கு நேர் எதிர். அப்புறம் அதைப் போட்டுவிட்டு ஒரு பயணம் போகிறார். கூத்தான்ஸ் என்ற ஊரில் குதிரை பூட்டிய பஸ்ஸில் ஏறுவதற்குப் படியில் கால் வைக்கிறார், அந்த நொடியில், கணக்கைப் பற்றி நினைக்காமலே இருக்கும்போது, அடுத்த பெரிய விஷயம் வந்து நிற்கிறது. நின்று எழுதக்கூட இல்லை மனிதர், உள்ளே போய் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவரிடம் விட்ட பேச்சைத் தொடர்ந்திருக்கிறார். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் நிதானமாகச் சரிபார்த்தார்.

இதைச் சொன்னால் எல்லோரும் அந்தப் பஸ் படியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நானும் முப்பது வருஷம் பாலக்கோடு - தர்மபுரி பஸ்ஸில் ஏறியிருக்கிறேன், கால்தான் மிதிபட்டது. அவர் படியில் கால் வைப்பதற்கு முன்னால் அந்த 15 நாள் இருக்கிறது, அதை மறந்துவிடக் கூடாது. கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேயர் 1926-ல் இதை நான்கு கட்டமாகப் பிரித்தார்: முதலில் போட்டு உழப்புவது, அடுத்து விட்டுவிட்டு அடைகாப்பது, அப்புறம் பளிச்சென்று வருவது, கடைசியில் வந்தது சரியா என்று பார்ப்பது. கோழி மாதிரிதான். முட்டை இல்லாமல் எவ்வளவு நாள் உட்கார்ந்தாலும் சூடு மட்டும்தான் மிச்சம்.

உங்கள் முதல் கதை ஒரே ராத்திரியில் வந்தது என்கிறீர்கள். எனக்கு அது நம்பும்படியாக இல்லை. ஆயா பக்கத்தில் எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தீர்கள்? அதையும் கணக்கில் சேருங்கள். கணக்கு எழுதுகிறவரிடம் இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்புறம் ராயக்கோட்டை நண்பருக்கு. எழுத்தாளர்களின் அந்த முடக்கத்துக்கு ஆங்கிலத்தில் ‘ரைட்டர்ஸ் பிளாக்’ என்று பெயர் வைத்தவர் எட்மண்ட் பெர்க்லர் என்ற மனமருத்துவர், 1940-களின் கடைசியில். பெயர்தான் புதுசு. நாக்கின் நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது என்று நம் கிழவிகள் சொன்னதெல்லாம் என்னவாம்? மூட்டை தூக்குகிறவருக்கும் இடுப்பு பிடித்துக்கொள்ளும், அன்றைக்கு அவராலும் தூக்க முடியாது, சொகுசு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

-----

தகடூரான்34 எழுதியது:

சார், நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு மண்டியில் மூன்று மணி நேரம் எடைச்சீட்டைத் தப்புத்தப்பாக எழுதிக்கொண்டிருந்தேன். உண்மைதான். ராத்திரி பத்து மணிக்கு நான் உட்காரும்போது எதைப் பற்றியும் உட்காரவில்லை. ‘ஒரு நல்ல கதை’ என்பதைப் பற்றி உட்கார்ந்திருக்கிறேன். அப்படி ஒரு விஷயம் எங்கேயும் இல்லையே.

-----

மாம்பழக்கூழ் எழுதியது:

அண்ணா, நான் கிருஷ்ணகிரி. மாம்பழக்கூழ் டப்பாக்களுக்கு லேபிள் வடிவமைக்கிற வேலை, மற்ற நாளில் பிளக்ஸ், கல்யாணப் பத்திரிகை. இதெல்லாம் படைப்பா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: கூழ் டப்பா 3.1 கிலோ ஒன்று, 850 கிராம் ஒன்று, இரண்டிலும் மாம்பழப் படம், பின்னால் பச்சை இலை, மேலே மஞ்சள் பட்டை. எல்லா கம்பெனியும் அதேதான் கேட்பார்கள், ஆனால் “நம்மது மட்டும் வேற மாதிரி இருக்கணும்மா” என்பார்கள். பத்து வருஷமாக அதே மாம்பழத்தை வேறு மாதிரி வரைந்துகொண்டிருக்கிறேன்.

மாட்டிக்கொள்வது எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பது என் அனுபவம். எனக்கு மூன்று விதமாக வந்திருக்கிறது.

சில சமயம் வழி அதிகமாகிப்போய் நின்றுவிடுவேன். நிறம் ஆயிரம், எழுத்துரு ஆயிரம், எதைத் தொட்டாலும் இன்னொன்று நல்லதாகத் தெரியும். அப்போது நானே கதவுகளைச் சாத்திவிடுவேன்: இரண்டே நிறம், ஒரே எழுத்துரு, இலை கூடாது. இலை கூடாது என்று சொன்ன அன்றைக்குத்தான் செந்தூரா பழத்தின் தோளில் இருக்கிற அந்தச் சிவப்பை ஒழுங்காகப் பார்த்தேன், அதுவரைக்கும் எல்லா மாம்பழத்துக்கும் ஒரே மஞ்சளை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். பழைய காலத்தில் புலவருக்கு ஈற்றடியைக் கொடுத்துப் பாடச் சொல்வார்களே, சின்ன வயதில் அது என்ன கொடுமை என்று நினைப்பேன். இப்போது பார்த்தால், கடைசி வரியைக் கையில் கொடுத்துவிட்டார்கள், பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, பயம். இதைத்தான் உங்கள் பதிவில் பார்க்கிறேன். ஒரு வடிவம் நன்றாக வந்துவிட்டால் அடுத்த நாலு வேலை நாசம். கோடு போடுவதற்கு முன்னாலேயே யாரோ தோளுக்குப் பின்னால் நின்று ‘இது போன தடவை மாதிரி இல்லையே’ என்பார்கள். திரும்பிப் பார்த்தால் நான்தான். இதற்கு என்னிடம் மருந்து இல்லை, வேறு யாராவது சொல்லுங்கள், எனக்கும் வேண்டும்.

மூன்றாவதைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். மகள் பிறந்த பிறகு ஏழெட்டு மாதம் ஒன்றும் வரைய முடியவில்லை. பிளாக் என்றுதான் நானும் நினைத்தேன். பார்த்தால் வரைய மட்டும் இல்லை, குளிக்கப் பிடிக்கவில்லை, சாப்பாடு மண் மாதிரி இருந்தது, விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தால் திரும்பத் தூக்கம் கிடையாது. அம்மா முதலில் மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள், அப்புறம் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனேன், மாத்திரை, பேச்சு எல்லாம் சேர்த்து நாலைந்து மாதத்தில் தேறினேன். உங்களுக்கு அப்படி என்று சொல்லவில்லை, சால்வை, லேப்டாப் என்று சிரித்துக்கொண்டுதானே எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் எழுத்து தவிர மற்றதிலும் ருசி போயிருந்தால் எழுத்துப் பயிற்சியால் அது தீராது. 14416 என்று ஒரு இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். வாசிக்கிற வேறு யாருக்காவது உதவும் என்றுதான் போடுகிறேன்.

-----

ராயக்கோட்டை_ரயில் எழுதியது:

சரி, கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன். வாபஸ்.

பரிகாரமாக உருப்படியாக ஒன்று. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் 2014-ல் வெளியிட்ட ஆய்வு. ஒரு சாதாரணப் பொருளைக் கொடுத்து, இதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டிருக்கிறார்கள். உட்கார்ந்திருந்தபோது சொன்னதைவிட நடந்தபோது புதிய யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடியதாம். வேடிக்கை என்னவென்றால் தோப்பும் துரவும் பார்த்து நடக்க வேண்டியதில்லை, வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலித்தது. ஆனால் ஒரே விடை இருக்கிற கேள்விகளுக்கு நடை உதவவில்லை, லேசாகக் கெடுத்தது. ஆகவே எடைச்சீட்டை மட்டும் நடந்துகொண்டே எழுதாதீர்கள்.

நான் சாயங்காலம் கே.ஆர்.பி. அணைப் பக்கம் நடப்பேன். நான் எழுதுகிறவன் இல்லை, ரியல் எஸ்டேட். ஆனாலும் வாங்குகிறவரிடம் என்ன பேசுவது என்பது அங்கேதான் தோன்றும்.

-----

முகவீணை எழுதியது:

என் மகன் போனில் இதைக் காட்டினான். நான் சொல்லச் சொல்ல அவன்தான் அடிக்கிறான், தப்பு இருந்தால் அவனுடையது.

பென்னாகரம் பக்கம் ஊர். கூத்துக்காரன். முப்பது வருஷத்துக்கு மேலாகக் கட்டியக்காரன் வேஷம். வாத்தியார் ஐயா சொன்ன ஊரின் பெயரிலேயே கூத்து இருக்கிறது, அதனால்தான் முழுசாக வாசிக்கச் சொன்னேன்.

கூத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜா வேஷம் வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டு ராஜா சபைக்கு வருவார். கட்டியக்காரன் போய், ஐயா தாங்கள் யார், எந்த ஊர், என்ன சோலியாக வந்தீர்கள் என்று கேட்பான். எல்லோருக்கும் தெரியும் அது துரியோதனன் என்று, பால்குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். இருந்தாலும் கேட்பான். கேட்டால்தான் ராஜா வாயைத் திறக்க முடியும்.

ஒரு தடவை மாசி மாதம், ராத்திரி இரண்டு மணி இருக்கும். துரியோதனன் கட்டினவன் நல்ல ஆட்டக்காரன், குரல் கணீரென்று இருக்கும். அன்றைக்கு அவனுக்குக் கூத்து சொல்லிக்கொடுத்த வாத்தியாரே வந்து முன்னால் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வயதான மனுசன், சும்மா பார்க்கத்தான் வந்தார். இவன் திரை விலகி வந்தான், கிரீடம், புஜக்கட்டை, சலங்கை எல்லாம் சரியாக இருக்கிறது, முதலடி பாடினான், இரண்டாவது அடி வரவில்லை. ஆர்மோனியக்காரர் திரும்பத் திரும்ப அதே சுரத்தைப் பிடிக்கிறார். பின்பாட்டுக்காரன் அடியை எடுத்துக் கொடுக்கிறான், இவன் காதில் ஏறவே இல்லை. கண் வாத்தியார் மேலேயே நிற்கிறது. கன்னத்து அரிதாரத்தில் வேர்வை கோடு கோடாக இறங்குகிறது, பெட்ரோமாக்ஸ் போய் டியூப்லைட் வந்த காலம், எல்லாம் பளிச்சென்று தெரியும்.

அந்த நேரத்தில் நான் போய்ப் பாரதத்தில் இருந்து கேள்வி கேட்டால் அவன் செத்தான். நான் கேட்டேன், “மகாராசா, ராத்திரிக்கு என்ன சாப்பிட்டீங்க?”

அவனையும் அறியாமல், “களி” என்றான். சபை சிரித்தது.

“அத்தினாபுரத்து அரமனையிலயும் களிதானா? தொட்டுக்க?”

“அவரக்கொட்டைக் குழம்பு.”

“கேவுரு எந்த ஊருது? காசு குடுத்து வாங்குனதா, இல்ல நம்ம சகுனி மாமன் சூதாடிப் புடிச்சதா?”

சூது என்று காதில் விழுந்ததுதான் தாமதம், விட்ட அடி வந்துவிட்டது. அதுக்கப்புறம் விடியும்வரை அவனைப் பிடிக்க முடியவில்லை. வாத்தியார் கடைசியில் எழுந்துபோகும்போது என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார், அவனைப் பார்த்து அல்ல.

தம்பி, உன் கதை நடுச்சபையில் கிரீடத்தோடு நிற்கிறது, முன்னால் பாயில் உன் பழைய கதை உட்கார்ந்திருக்கிறது. நீ என்ன செய்கிறாய் என்றால் கதையிடம் போய் ‘நீ பெரிய கதையா, அதைவிடப் பெரிசா’ என்று கேட்கிறாய். அது எப்படி வாயைத் திறக்கும்? மட்டமான கேள்வியாகக் கேளு. பார்க்கிறவன் சிரிக்கிற மாதிரி, புத்தி உள்ளவன் கேட்காத மாதிரி கேளு. மாம்பழக்கூழ் அம்மா மருந்து கேட்டார்களே, அவர்களுக்கும் இதுதான், வேறு எனக்குத் தெரியாது.

நானே ஒன்று கேட்கிறேன். உன் ஆயா வேலை செய்யும்போது பேசமாட்டாள் என்று எழுதியிருக்கிறாய். வாயில் என்ன வைத்திருந்தாள்?

-----

தகடூரான்34 எழுதியது:

நாலு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்க வேண்டும், சீசன், லாரி லாரியாக இறங்குகிறது.

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரித்தேன். வெற்றிலை என்று பதில் எழுதப் போனேன். அப்புறம் சந்தேகம். ஆயாவின் பல்லில் காவி இருந்ததாக ஞாபகமே இல்லை. கதையில் விரலைப் பற்றி அவ்வளவு எழுதினேன், வாயைப் பார்க்கவே இல்லை. காரிமங்கலத்தில் இருக்கிற அத்தைக்குப் போன் போட்டேன். ‘ஏன்டா, நடு வேலையில இதுக்கா போன் பண்ணுனே’ என்று திட்டிவிட்டுச் சொன்னாள்.

புளியங்கொட்டையாம்.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கூலி கூடைக்கணக்கு. ஒரு கூடை முடிந்தால் ஒரு கொட்டையை எடுத்து இந்தப் பக்கக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்வாளாம். அடுத்த கூடைக்கு இன்னொன்று. சாயங்காலம் வியாபாரி வந்ததும் உள்ளங்கையில் துப்பி, விரலால் நகர்த்தி நகர்த்தி எண்ணிக் காட்டுவாளாம். அவன் ஒன்று குறைத்துச் சொன்னால் கையை அவன் மூக்குக்கு நேரே நீட்டுவாளாம். அதனால்தான் பகலெல்லாம் பேசவில்லை. பேசினால் கணக்கு விழுந்துவிடும்.

ஏன் வாயில், முந்தானையில் முடிந்து வைத்திருக்கலாமே என்று கேட்டேன். அத்தை சொன்னது: “முந்தானையிலதான் மொதல்ல வச்சிருந்தா. நீதான் அவுத்து எடுத்துட்டுப் போயி பல்லாங்குழி ஆடுவே.”

போனை வைத்துவிட்டு மண்டிக்குள் போய் மூட்டை மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆயா பேசாமல் இருந்ததற்கு நான்தான் காரணம், அது தெரியாமல் அவள் மௌனத்தை என்னென்னவோ சோகம் என்று கதையில் அளந்துவிட்டிருக்கிறேன். ஊரெல்லாம் படித்துவிட்டு அழுதது வேறு. இன்றைக்கு அதே புளிக்கு நான் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

லேப்டாப்பைத் திறக்கவில்லை. மறுபடியும் லாரி ரசீதுதான். முதல் ராத்திரி 11 வரி, நேற்று ஒன்றரைப் பக்கம். மழை எங்கேயும் வரவில்லை. கதையா என்று தெரியாது, பழைய கதைக்குச் சண்டைக்காரன் மாதிரி இருக்கிறது. நன்றாக இருக்கிறதா என்று இன்னும் படித்துப் பார்க்கவில்லை, பயமாக இருக்கிறது, ஆனால் இது வேறு பயம்.

ராயக்கோட்டை நண்பரே, பஸ் ஸ்டாண்டில் இருந்து வீட்டுக்கு இப்போது நடந்துதான் போகிறேன். பெட்ரோல் மிச்சம்.

-----

மாம்பழக்கூழ் எழுதியது:

அண்ணா, கடைவாயில் ஒதுக்கிய கொட்டையோடு அந்தக் கன்னம் லேசாகப் புடைத்திருக்கும் இல்லையா. சாயங்காலம் ஆக ஆகப் பெரிசாகிக்கொண்டே போகும். நான் அதை வரைந்துகொண்டிருக்கிறேன், சும்மா, யாருக்கும் இல்லை. இரண்டே நிறம். இலை இல்லை.

-----

முகவீணை எழுதியது:

மகன் படித்துக் காட்டினான். ரெண்டாவது தடவையும் படிக்கச் சொன்னேன். வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி பக்கத்து ஊரில் நம்ம கூத்து இருக்கிறது. பத்து மணிக்கு ஆரம்பிக்கும், விடிந்துதான் முடியும். ரசீதுக்கட்டையும் எடுத்துக்கொண்டு வா, கூடவே போர்வையும் பாயும், பனி இறங்கும்.

-----

கணக்குவாத்தியார்_பாலக்கோடு எழுதியது:

நல்லது தம்பி. நான் ஒரு சின்னச் சந்தேகம் கேட்கலாமா. எட்டுக் கூடைக்கு எட்டுக் கொட்டை, சரி. ஒரு நாள் தும்மல் வந்தோ தண்ணீர் குடிக்கும்போதோ ஒன்றை விழுங்கிவிட்டாள் என்றால் அன்றைக்குக் கூலி ஏழு கூடைக்கா, எட்டுக் கூடைக்கா?

-----

தகடூரான்34 எழுதியது:

ஐயோ சார். இருங்கள், அத்தைக்கு மறுபடியும் போன் போடுகிறேன்.